காதுக்கு ஓட்டை இல்லாத மெஷின்

சாண்ட்ராவின் காதில் ஓடிக்கொண்டிருந்த குரல் ஒரு வார்த்தையின் பாதியில் செத்துப்போனது.

விரல்களை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். தப்பாக அடித்த எழுத்தை அழிக்க விரல் தானாக வலது மூலைக்குப் போயிருந்தது. பழைய லேப்டாப்பில் அந்த மூலையில் டிலீட் இருந்தது. புது லேப்டாப்பில் எவனோ ஒரு மகானுபாவன் அங்கே பவர் பட்டனைக் கொண்டுவந்து வைத்திருந்தான்.

"திரும்பவும் அணைஞ்சுடுச்சா?" என்றாள் பக்கத்து சீட் சுகிர்தம்.

"ஆமாக்கா. அடிச்சதுல பாதி பூட்ச்சு."

"யார்கிட்டயாச்சும் சொல்லேன்டி."

"சொல்லாத ஆளு பாக்கி இல்ல. கோயில்ல மணி அடிக்கிறவருகிட்ட மட்டும்தான் இன்னும் சொல்லல."

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வால் பிடித்து நிற்கிற ரோட்டைப் பார்த்த இரண்டாவது மாடி அது. ஏற்றுமதிக்காரர்களின் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடும் கம்பெனி. சாண்ட்ராவுக்கு டாகுமென்டேஷன் வேலை. இந்தச் சரக்கு இந்தக் கப்பலில் ஏறிவிட்டது என்பதற்குச் சாட்சியாகப் போகிற தாளுக்கு பி.எல். என்று பெயர். அதைத் தயார் பண்ணுவாள். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் அக்கரைத் துறைமுகத்தில் கன்டெய்னர் வெளியே வராது. அவள் கையில் போன பி.எல். எதுவும் பிழை என்று திரும்பி வந்ததில்லை.

சாண்ட்ராவுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது.

திரையில் இருப்பதை ஒரு சாஃப்ட்வேர் ஹெட்ஃபோனில் வாசிக்கும். மற்றவர்கள் கேட்டால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். அவ்வளவு வேகம். அவளுக்கு அது பளிச்சென்று புரியும். கன்டெய்னர் நம்பரையெல்லாம் வலது ஓரத்து நம்பர் பேடில் விரல் பதித்துத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

இந்த சீட் சும்மா வந்ததில்லை. கண் தெரியாதவர் வேலைக்கு வந்தால் இந்த ஊரில் ஒரே ஒரு நாற்காலிதான் காட்டுவார்கள். டெலிஃபோன் முன்னால் இருக்கிற நாற்காலி. 'ஹலோ, குட் மார்னிங், லைன்ல இருங்க சார்.' சாண்ட்ராவையும் முதலில் அங்கேதான் உட்கார வைத்தார்கள். சண்டை போட்டு, தேர்வு வைக்கச் சொல்லி, கண்ணுள்ளவர்களோடு உட்கார்ந்து எழுதி ஜெயித்து வாங்கிய சீட் இது.

போன மாதம் எல்லோருக்கும் புது லேப்டாப் வந்தது. பழையதெல்லாம் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

"இன்னா ஸ்லிம்மா கீது பாரேன்," என்று ஆபீஸே கொண்டாடியது. சாண்ட்ரா ஒருமுறை கையால் தடவிப் பார்த்தாள்.

நம்பர் பேட் இல்லை. இன்ஸர்ட் சாவி இல்லை. அவளுடைய சாஃப்ட்வேருக்கு இன்ஸர்ட்தான் ஸ்டியரிங். மேல் வரிசையில் நாலு நாலு சாவிக்கு ஒருமுறை இருக்கிற இடைவெளியை இழுத்து மூடிவிட்டிருந்தார்கள். அந்த இடைவெளியைத் தொட்டுத்தான் எஃப் ஃபைவ் எது, எஃப் நைன் எது என்று விரல் கண்டுபிடிக்கும். இப்போது மொழுமொழுவென்று ஒரே பட்டை. வலது கன்ட்ரோல் இருந்த இடத்தில் புதிதாக ஒரு சாவி. அதைத் தெரியாமல் தொட்டால் ஒரு ஜன்னல் திறந்து, 'உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?' என்று இங்கிலீஷில் குழையும்.

"நீ செத்தா அதான் உதவி," என்று சாண்ட்ரா அதனிடம் ஒருநாள் சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஹெட்ஃபோன் செருகுகிற ஓட்டை இல்லை.

கம்ப்யூட்டர் பிரிவு தமீமைக் கூப்பிட்டாள். வந்து நின்றான்.

"அக்கா, இப்ப வர்ற மாடலே இதான். யாரும் வயர் மாட்றதில்ல. புளூடூத் தர்றேன்."

"புளூடூத் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலைய கடிச்சுத் துப்புது தமீம். கன்டெய்னர் நம்பர்ல மொத எழுத்தே காதுல உழ மாட்டேங்குது. நான் இன்னான்னு அடிக்கிறது?"

"பழகிடும்க்கா."

"வெளிய இருந்து ஒரு கீபோர்டு மாட்டிக்குடு. பெருசு. நம்பர் பேடோட. ஹெட்ஃபோனுக்கு ஒரு அடாப்டர்."

"ரெண்டே ஓட்டைக்கா. ஒண்ணு சார்ஜர். இன்னொண்ணு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன். வேற மாட்டணும்னா, ஒரு ஓட்டைய நாலா பிரிக்கிற ஹப் வாங்கணும். மேனேஜர் கையெழுத்து போட்டாதான் வாங்க முடியும். வெளி சாமான் மாட்டக் கூடாதுன்னு பாலிசி வேற கீது."

"அப்ப கண்ணு தெரியாதவங்களுக்கு இன்னா பாலிசி?"

தமீம் தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டான்.

மேனேஜர் ஸ்டானிஸ்லாஸ் கையெழுத்து போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடற்குழுவில் நிற்கிறவர். அங்கே அவளுக்கு அங்கிள். திங்கட்கிழமை சார்.

"உனக்கு மட்டும் தனியா செஞ்சா மத்தவங்க கேப்பாங்கம்மா," என்றார். அவர் குரலில் எப்போதும் ஜெபமாலை உருட்டுகிற ஒரு நிதானம். "வேலை ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு. பார்ட்டிங்க கத்தறாங்க. பக்ருதீன் பாய் தினமும் வந்து நிக்கிறார். ரிசப்ஷன் பொண்ணு வேற நின்னுட்டா. இந்த வாரம் பாக்கறேன். சரியா வரலேன்னா நீ ஃபோன் சீட்டுக்குப் போயிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அங்க டென்ஷன் இல்ல."

சாண்ட்ராவுக்குக் காதெல்லாம் சூடேறியது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு, வண்டி ஓட்டத் தெரியவில்லை என்கிறார்கள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. பாதி பி.எல். அணைந்துபோயிருக்கிறது.

பவர் பட்டனை மறுபடி அழுத்தினாள். லேப்டாப்புக்கு உயிர் வருகிற நேரத்தில் படிக்கட்டில் அத்தர் வாசனை ஏறி வந்தது.

பக்ருதீன் பாய்.

வண்ணாரப்பேட்டையில் தோல் கையுறை செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஃபோனை நம்பாத மனிதர். பி.எல். வாங்க நேரிலேயே வந்து, டாகுமென்டேஷன் பக்கத்தில் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்து, தாளைக் கையில் வாங்கி, கன்டெய்னர் நம்பரை வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டுத்தான் போவார்.

"இன்னாம்மா சாண்ட்ரா, என் பி.எல். இன்னிக்காவது ஆவுமா?"

"உங்களோடது என்கிட்ட இல்ல பாய். சாரே பாத்துக்கறேன்னு வாங்கி வெச்சுகினாரு."

"அவரு உன் பக்கம் கை காட்றாரு. 'அந்தப் பொண்ணுக்குப் புது மெஷின் பழகல, அதான் லேட்டு'ன்றாரு. என் சரக்கு போன கப்பல்ல போயாச்சு. பி.எல். இல்லாம பேங்க்ல இன்னாத்தக் காட்றது?"

சாண்ட்ராவின் விரல் நின்றது.

"நான் லேட் பண்றேன்னு சொன்னாரா?"

"நேத்தும் சொன்னாரு. முந்தாநேத்தும் சொன்னாரு. உன்மேல கோவம் இல்ல பேட்டா. பாவம், நீ இன்னா பண்ணுவ."

அந்த 'பாவம்' சுருக்கென்று குத்தியது. அதற்குப் பதில் சொல்வதற்குள் காதில் புளூடூத் மூன்று முறை கிணுகிணுத்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. குரல் அறுந்தது. அதைச் சார்ஜ் போட லேப்டாப்பில் ஓட்டை கிடையாது. ஆபீஸில் இருக்கிற ஒரே சார்ஜரில் தமீமின் ஃபோன் தொங்கிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் கேபின் கதவு திறந்தது.

"சாண்ட்ரா, அந்தப் பெரிய பார்ட்டி கிரானைட் லோடு, பி.எல். டிராஃப்ட் எங்க? அவங்க ஹெட் ஆபீஸ்ல இருந்து லைன்ல இருக்காங்க. உடனே வேணும்."

"புளூடூத் செத்துப்போச்சு சார். சார்ஜ் ஏறட்டும்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. ஸ்பீக்கர்ல போட்டுப் பண்ணு."

"ஸ்பீக்கர்ல போட்டா ஹால் பூரா கேக்கும் சார். எல்லா பார்ட்டி விவரமும் இதுல கீது."

ஸ்டானிஸ்லாஸ் சிரித்தார். "உன் மெஷின் பேசற இங்கிலீஷ் எவனுக்கும்மா புரியும்? எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓடும். போடு, போடு."

"நீங்க சொல்லித்தான் போடறேன் சார். சுகிர்தம் அக்கா, கேட்டுக்கோ."

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றாள் சுகிர்தம்.

ஸ்பீக்கர் லேப்டாப்பின் அடிவயிற்றில் இருந்தது. மேஜையைப் பார்த்துப் பேசியது. கீழே ஒரு டிரெய்லர்காரன் ஹார்னில் கையை வைத்து எடுக்காமல் நின்றான். அவளுடைய வழக்கமான வேகத்தில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் சாண்ட்ரா வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.

தகர டப்பா மறைந்துபோனது. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு போல நிறுத்தி நிதானமாக ஒரு பெண் குரல் ஹாலில் எழுந்தது. பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் அதற்குள் கேபினில் ஃபோனை எடுத்திருந்தார்.

கப்பல்வாரி பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஏகப்பட்ட கட்டங்கள். பழைய கீபோர்டில் நம்பர் பேடில் ஒரு தட்டு, வேண்டிய கட்டத்துக்கு நேராகத் தாவிவிடுவாள். இதில் அந்தத் தட்டு இல்லை. வரியை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும். கண்ணுள்ளவர்கள் யாரும் கடைசிவரை போவதில்லை. கடைசிக் கட்டம் குறிப்புகள் எழுதுகிற இடம். இந்தச் சின்னத் திரையில் அது வலதுபக்கம் எங்கோ மறைந்து கிடக்கும்.

மெஷினுக்கு மறைவு தெரியாது. இருப்பதையெல்லாம் படிக்கும்.

கிரானைட் பார்ட்டியின் வரி ஓடியது. கடைசிக் கட்டம் வந்தது. "ஸ்பேஸ் கிவன் இன் பிளேஸ் ஆஃப் கே வி எல் யு, ஃபோர் ஒன் செவன், நைன் நைன் டூ, சிக்ஸ்."

பக்ருதீன் பாய் கையிலிருந்த டீ கிளாஸ் மேஜையில் இறங்குகிற சத்தம் கேட்டது.

"அது என் கன்டெய்னர்," என்றார்.

ஏற்றுமதிக்காரனுக்குத் தன் கன்டெய்னர் நம்பர் பெற்ற பிள்ளையின் பெயர் மாதிரி. சந்தைக் கூச்சலில் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பான்.

சாண்ட்ராவின் விரல் அம்புக்குறி சாவி மேல் இருந்தது. பாதியாக நறுக்கி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய அம்புக்குறிகள். மேலே போக வேண்டியது கீழே போனது. அடுத்த வரி. பாயின் வரி.

குரல் நிதானமாகப் படித்தது. கன்டெய்னர் நம்பர். சரக்கு, தோல் கையுறை. கப்பல். பிறகு யாரும் பார்க்காத அந்தக் கடைசிக் கட்டம்.

"ஷட் அவுட். லையிங் அட் எண்ணூர் யார்டு. ஷிப்பர் நாட் டு பி இன்ஃபார்ம்டு. டெல் ஹிம் பி எல் டிலே. ஆஸ் பெர் மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ்."

கப்பலில் ஏறவில்லை, அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டாம், பி.எல். லேட் என்று சொல்லிவை, இது ஸ்டானிஸ்லாஸ் உத்தரவு என்று அதற்கு அர்த்தம்.

கன்டெய்னர் அடுக்கிவைக்கிற யார்டில் குறிப்பு எழுதுகிற ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த முடிவையும் தன் தலையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். யார் சொல்லிச் செய்தது என்பதைக் கடைசியில் ஒரு வரி தட்டிவிடுவார்கள். நாளைக்கு வம்பு வந்தால் தன் கழுத்து தப்ப வேண்டுமே.

"இன்னாம்மா சொல்லுது அது?" பாயின் குரல் அடங்கி வந்தது. "எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. என் சரக்கு கப்பல்ல போவல, எண்ணூர்லயே கெடக்குது. அப்டித்தானே?"

ஆமாம் என்றால் வேலை போகலாம். இல்லை என்றால் அவள்தான் லேட் என்பது உண்மையாகிவிடும். இத்தனை நாள் கேட்ட திட்டு, 'பாவம்', ஃபோன் சீட், எல்லாம் எதற்கு என்று இப்போது புரிந்தது. அவளுடைய தடுமாற்றத்தை எடுத்து ஒருவர் போர்வையாகப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"அப்டித்தான் பாய்," என்றாள். "உங்க எடத்துல கிரானைட் போச்சு. உங்க பி.எல். லேட்டானதுக்கு நான் காரணமில்ல. கப்பல் ஏறாத சரக்குக்கு பி.எல். கெடையாது."

பாய் எழுந்தார். கேபின் கதவைத் தட்டாமல் திறந்தார். அதன்பிறகு கேட்டதை எழுதினால் அச்சுக்கூடம் ஒப்புக்கொள்ளாது. கலீஜ், துரோகி என்பவை அதில் மரியாதையான வார்த்தைகள். 'சமாதானமா பேசலாம் பாய்' என்று ஸ்டானிஸ்லாஸ் ஆரம்பித்ததெல்லாம் பாதியிலேயே நொறுங்கியது. கடைசியில் பாய் வெளியே வந்து, படியில் நின்று, ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"நான் எண்ணூர் யார்டுக்குத்தான் போறேன். என் கன்டெய்னர் மேல கைய வெச்சுகினு அங்கருந்து ஃபோன் பண்றேன். அடுத்த கப்பல்ல ஏறலைன்னா, வண்ணாரப்பேட்டைல ஒரு பார்ட்டியும் ஒங்க படி ஏற மாட்டான்."

செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

"சாண்ட்ரா. உள்ள வா."

போனாள். நாற்காலி காட்டப்படவில்லை. நின்றாள்.

"வேணும்னே பண்ணியிருக்க." ஜெபமாலைக் குரல் காணாமல் போயிருந்தது. "ஸ்லோவா வெச்சு, சத்தமா வெச்சு, அந்த ஆளுக்குக் கேக்கற மாதிரி."

"ஸ்பீக்கர்ல போடச் சொன்னது நீங்க சார். கேக்கும்னு சொன்னது நானு."

"எதிர்த்துப் பேசாத. ஒரு பெரிய பார்ட்டிக்காக ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட். எல்லா கம்பெனியிலும் நடக்கறதுதான்."

"அது உங்க வியாபாரம் சார். அதுக்கு என் பேர எதுக்கு இழுத்தீங்க? நான் கீபோர்டு கேட்டேன், தரல. ஹெட்ஃபோனுக்கு ஒரு அடாப்டர் கேட்டேன், தரல. தராததுக்குக் காரணம் இப்பதான் தெரியுது. நான் ஸ்லோவா இருக்கறதுதான் உங்களுக்கு வசதி."

"மொதல்ல போய் அந்தக் குறிப்ப அழிச்சுட்டு வா."

"டிலீட்டுக்குப் போனா பவர் பட்டன் வருது சார். நீங்க வாங்கின மெஷின்தான்."

ஸ்டானிஸ்லாஸ் மேஜையைத் தட்டினார். "போதும். டாகுமென்டேஷன் உனக்கு வேணாம். நாளையிலேருந்து ஃபோன் சீட்."

சட்டம் பேசலாம். எழுதிக் கொடுங்கள் என்று கேட்கலாம். இரண்டுக்கும் அவர் மாதக்கணக்கில் இழுப்பார் என்று தெரியும். உள்ளே கொதித்தது. அந்தக் கொதிப்பிலேயே வேறொன்று பளிச்சென்றது.

"நாளைக்கு இன்னாத்துக்கு சார்? இப்பவே போறேன்."

கேபினை விட்டு வந்தாள். தன் சீட்டைத் தாண்டினாள். ரிசப்ஷன் மேஜையைக் கையால் தேடிப் பிடித்து, காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டானிஸ்லாஸ் பின்னாலேயே வந்து நின்றதை அவர் ஷூ சொன்னது.

அந்த ஆபீஸில் ஃபோன் எப்போதும் சும்மா இருந்ததில்லை. அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க."

மறுமுனையில் திருவொற்றியூர் பார்ட்டி ஒருவர். வார்ப்பட சாமான் அனுப்புகிறவர். எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார். என் கன்டெய்னர் எங்கே, கப்பல் ஏறிச்சா இல்லையா?

"லைன்ல இருங்க சார்."

ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். குரலைத் தணிக்கவில்லை. ஹாலுக்கே கேட்டது.

"சார், திருவொற்றியூர் பார்ட்டி. சரக்கு ஏறிச்சான்னு கேக்கறாரு. பட்டியல்ல இருக்கறத படிச்சு சொல்லட்டுமா, இல்ல நீங்க சொல்றத சொல்லட்டுமா?"

ஸ்டானிஸ்லாஸ் மூச்சு விடுவது கேட்டது.

"இவரோடதும் அட்ஜஸ்ட்மென்ட்டா சார்? அப்பிடின்னா இப்பவே சொல்லிடுங்க. இந்த சீட்ல தினத்துக்கும் எல்லா பார்ட்டியும் இதையேதான் கேப்பாங்க. எனக்கு எல்லா கன்டெய்னரும் மனப்பாடம். பொய்தான் மனப்பாடம் ஆவல."

சுகிர்தம் நாற்காலியைத் திருப்புகிற சத்தம் கேட்டது. தமீம் எங்கோ இருமினான். யாரும் டைப் அடிக்கவில்லை.

"ஃபோனக் குடு," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

கொடுத்தாள். அவர் அந்தப் பார்ட்டியிடம் 'சாயங்காலம் கூப்பிடறேன்' என்று சொல்லி வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்காமல் நின்றார். மறுபடி அடித்தது. அதையும் அவரே எடுத்தார். அதற்கடுத்ததையும்.

மூன்றாவது ஃபோனை வைத்தபோது குரல் வெளிறியிருந்தது.

"நீ உன் சீட்டுக்குப் போ."

"எந்த சீட்டு சார்?"

"உன் சீட்டும்மா."

"எந்தக் கீபோர்டோட?"

ஸ்டானிஸ்லாஸின் ஷூ தமீம் பக்கம் திரும்பியது. "தமீம், அந்த ஹப் பேப்பர எடுத்துட்டு வா. கையெழுத்து போட்டுத் தர்றேன். இன்னிக்கே வாங்கிட்டு வந்துடு."

தமீம் பைக்கில் பறந்தான். சாயங்காலம் டீ வருவதற்குள் ஒரு அட்டைப்பெட்டியோடு திரும்பினான். ஒரு ஹப், ஒரு அடாப்டர், முழுநீளக் கீபோர்டு. லேப்டாப்பைவிடக் கீபோர்டு பெரியதாக இருந்தது. பக்கத்தில் வயர்கள் குடல் மாதிரி தொங்கின. அந்த ஒல்லி மெஷினின் அழகெல்லாம் அன்றோடு முடிந்தது.

சாண்ட்ரா விரலை மேல் வரிசையில் ஓட்டினாள். நாலு சாவி, இடைவெளி. நாலு சாவி, இடைவெளி. ஹெட்ஃபோனைச் செருகினாள். வேகத்தைப் பழைய அளவுக்கு ஏற்றினாள்.

"அக்கா, இந்த மாடல டிசைன் பண்ணவன் யோசிக்கல போல," என்றான் தமீம், சமாதானமாக.

"யோசிச்சான் நைனா. எவ்ளோ ஒல்லியா பண்ணலாம்னு யோசிச்சான். யாரு தொட்டு வேலை செய்வாங்கன்னு மட்டும் யோசிக்கல. நீயும் யோசிக்கல. நான் வாய் வலிக்கக் கேட்டப்போ பழகிடும்க்கான்ன."

தமீம் அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டே நின்றான்.

ஸ்டானிஸ்லாஸ் கேபின் வாசலில் வந்து நின்றார். பழைய மெதுவான குரலைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்காம்மா? இப்ப சந்தோஷம்தானே?"

சாண்ட்ரா ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை விலக்கினாள்.

"என்கிட்ட இருந்தத புடுங்கினு போயி, ஒரு மாசம் என்னைய எல்லார் முன்னாடியும் மக்கு ஆக்கிட்டு, அதையே திருப்பிக் குடுக்கறீங்க. இதுல சந்தோஷம் எங்க சார் கீது?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹெட்ஃபோனைக் காதில் இறக்கினாள். பக்ருதீன் பாயின் கன்டெய்னரை அடுத்த கப்பலுக்கு மாற்றும் படிவத்தைத் திறந்தாள். கடைசிக் கட்டத்துக்கு ஒரே தட்டில் தாவினாள். 'ஷட் அவுட் ஆனது பார்ட்டிக்குத் தெரிவிக்கப்பட்டது. தெரிவித்தது, சாண்ட்ரா' என்று அடித்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒருமுறை கேட்டுவிட்டு, அனுப்பினாள்.